இரண்டேகால் அடி

பாத்தியில் என்ன வைப்பதென்று
ஒரு மாலையில் முடிவாகிவிட்டது.
கத்தரி, பச்சைமிளகாய், ஓரமாகப் பயிற்றை.
பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே
இரண்டேகால் அடி அகலத்தில் கிடக்கிற
வெறும் நிலத்துக்குத்தான்
எட்டு மாதமாக ஆளுக்கொரு யோசனை.

கிறவல் கொட்டுங்கோ என்றார் விவசாயப் போதனாசிரியர்,
மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே.
அரை லோட் கொட்டினேன்.
சில்லு முளைத்த மாதிரி ஓடியது கல்.
கத்தரியைக் கட்டிப்பிடித்தபடி நான் சரிய
முறிந்தது செடி.
நல்ல காய்ப்பில் நின்ற செடி.

ஒட்டுசுட்டான் மில்லில்
உமிக்குக் காசு கேட்பதில்லை.
மூன்று நாள்
திருவிழா வீதி போலக் கிடந்தது என் வளவு.
நாலாம் நாள் சோளகம் எழும்பி
உமி முழுவதையும் அள்ளி
அமலதாசின் கிணற்றில் போட்டது.
மனுசன் இப்போதும் என்னோடு பேசுகிறார்,
உமியைப் பற்றி மட்டும்.

பிறகு மரக்காலையிலிருந்து மரத்தூள்.
மெத்தென்று இருந்தது, பொய் சொல்லக்கூடாது.
கறையான் வந்தது,
வழி நெடுகத் தின்றது,
தின்று முடித்து
சுவரில் சாத்தியிருந்த என் ஊன்றுகோல் இரண்டில்
பழையதைச் சுவைத்துப் பார்த்தது.

செல்வரதி நாலு உரப்பையில்
கச்சான் கோது கொண்டுவந்தாள்.
"மிதிச்சால் நொறுநொறு எண்டு கேக்கும்.
இருட்டிலயும் ஆள் வாறது தெரியும்."
வேண்டாம் என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை அவள்.
உரப்பைகளின் வாயைத்
திரும்பவும் கட்டினாள், ஒவ்வொன்றாக.

நிறுவனத்துப் பிள்ளை ஒன்று
கறுப்பு விரிப்பும் கமெராவுமாக வந்தது.
களை வராது அக்கா, பத்து வருச உத்தரவாதம்.
படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது.
பங்குனி நண்பகலில் அதன்மேல் இறங்கினேன்.
ஒரு காலுக்குத்தான் சுட்டது.
ஆனாலும், சுட்டது.

ஐப்பசியில்
முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்தது.
பாத்திகள் மட்டும் தலை தூக்கி நிற்க
நடுவெல்லாம் களி.
கோலின் றப்பர் மூடியை மண் பிடித்துக்கொண்டு
தரமாட்டேன் என்றது.
இழுத்தெடுத்து, ஏசி,
பயிற்றைப் பந்தலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.
நடுவில் ஒரு பாதம்,
இருபக்கமும் ஒவ்வொரு குழி.
நடுவில் ஒரு பாதம்,
இருபக்கமும் ஒவ்வொரு குழி.
படலை வரை அப்படியே.
குழிக்குள் தண்ணீர், ஒன்றில் தேரைக் குஞ்சு.

அன்று பின்னேரம் குளக்கட்டுக்குப் போனேன்.
எருமை போகும், ட்ரக்டர் போகும்,
மீன்காரனின் சைக்கிள் நாளுக்கு இரண்டு தரம் போகும்.
அதற்குக் கீழே
காதோரம் ஒட்ட வெட்டிய மயிர் மாதிரிப்
பொடுதலை.
பிடுங்கினால் கணுவுக்குக் கணு வேர்.
பணம் கேட்கவில்லை, படம் கேட்கவில்லை.
மடி கட்டிக்கொண்டு வந்தேன்.

களியில் இருந்தபடியே நகர்ந்து நகர்ந்து
தோண்டிக் கிடந்த குழிகளில்
ஒவ்வொரு கொடி வைத்து விரலால் அமர்த்தினேன்.
தேரை இருந்த குழியை விட்டுவிட்டேன்.
உடுப்பைத் தோய்க்க மூன்று தண்ணீர் பிடித்தது.

மார்கழியில் குழிகள் ஒவ்வொன்றும் பச்சைப் பொட்டு.
தையில் ஒன்றையொன்று எட்டித் தொட்டன.
இப்போது கோல் ஊன்றினால்
அமுங்குகிறது, வழுக்கவில்லை,
றப்பரையும் திருப்பித் தருகிறது.
கோடைக்குத் தண்ணீர் கேட்கும். கேட்கட்டும்,
பம்ப் இருக்கிறது, மண்ணெண்ணெய் விலையைப் பிறகு பார்ப்போம்.

மிளகாய் வாங்க வந்த அமலதாஸ்
உமியை மறந்து குனிந்து பார்த்தார்.
"இதென்ன நிரை?
இரண்டிரண்டாய், கிட்டவும் தூரவுமாய்.
ஒரு நூல் பிடிச்சு நட்டிருக்கலாமே."
அளந்துதான் நட்டேன் என்றேன்.

சின்னதாய் வெள்ளைப் பூ வந்திருக்கிறது,
பூவுக்குத் தேனீ.
செருப்பில்லாமல் வருகிறவர்கள்
இரண்டு காலையும் பார்த்து வையுங்கோ.
எனக்கு அதில் பாதிக் கவலை.